மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு நடையைத் திருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். அறுவை செய்துகொண்டவர் கேட்பதைவிட, அவருடைய மகளோ மருமகளோ வாசல் வரை வந்து செருப்பு மாட்டும்போது கேட்பதுதான் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். உங்கள் எலும்பு மருத்துவர் ஏதாவது ஒன்றைக் குறிப்பாக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் முதலில். இங்கே இருப்பது அதற்கு அப்புறம்தான்.

மூட்டையே மாற்றியாயிற்று. பழைய வலி இல்லை என்றும் சொல்கிறார். அப்புறமும் அம்மா ஏன் விந்தி விந்தி நடக்கிறார்?

டாக்டர் மாற்றியது தேய்ந்துபோன எலும்பு முனைகளை. அம்மாவின் நடையில் அவர் கை வைக்கவில்லை. அறுவைக்கு முன்பு பல வருடம் வலியோடு நடந்திருப்பார். வலிக்கிற காலை ஊன்றிய மறுநொடியே அடுத்த காலுக்குத் தாவுவது, முட்டியை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொள்வது, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடுவது எல்லாம் வலியைக் குறைக்க உடம்பு தானாகக் கண்டுபிடித்த உபாயங்கள். வலி போனாலும் பழக்கம் போகாது.

இரண்டாவது காரணம் தொடையின் முன்பக்கத் தசை. முட்டியை நீட்டுவதும், கால் ஊன்றும்போது முட்டி மடங்கி விழாமல் பிடித்துக்கொள்வதும் இந்தத் தசைதான். அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடுவது சாதாரணம். சும்மா படுத்திருந்ததால் மட்டும் வருவதில்லை. மூட்டுக்குள் நீரும் வீக்கமும் இருக்கும்வரை நரம்பு அந்தத் தசைக்கு முழு உத்தரவு கொடுக்காது. அம்மா எவ்வளவு முயன்றாலும் தசை பாதிதான் இறுகும். 'நீங்க முயற்சியே பண்ண மாட்டேங்கிறீங்க' என்று பிள்ளைகள் திட்டுவது இந்த இடத்தில் நியாயமில்லை.

கவனிக்காமல் விட்டால் இந்த நொண்டல் ஒரு வருடம் கழித்தும் அப்படியே நிற்கும். அறுவை செய்யாத கால் கூடுதல் எடையைத் தாங்கித் தாங்கி, அந்த முட்டியும் இடுப்பும் முதுகும் வலிக்க ஆரம்பிக்கும்.

சரியான நடை என்றால் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முட்டி கிட்டத்தட்ட நேராக நீண்டு, குதிகால் முதலில் தரையைத் தொடும். எடை ஏறும்போது முட்டி 15 முதல் 20 டிகிரி வரை லேசாக மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிறகு நிமிர்ந்து உடம்பைத் தாங்கும். கடைசியில் குதிகால் எழும்பி, பெருவிரல் தரையை உந்தும். கால் காற்றில் முன்னால் வரும்போது முட்டி சுமார் 60 டிகிரி மடங்கும். ஒரு கால் சுழற்சியில் ஏறக்குறைய 60 சதவீத நேரம் பாதம் தரையில், 40 சதவீத நேரம் காற்றில்.

மூட்டு மாற்றியவரிடம் பெரும்பாலும் காணாமல் போவது இரண்டு: ஊன்றியதும் வரவேண்டிய அந்தச் சின்ன மடக்கு, காற்றில் வரவேண்டிய பெரிய மடக்கு. இரண்டும் இல்லாவிட்டால் கால் கழி மாதிரி விறைப்பாகவே போய் வரும்.

தப்பான நடையை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காதால் கேளுங்கள். செருப்புப் போட்டு ஹாலில் நடக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்து அறையில் உட்காருங்கள். 'டப்... டப்... டப்' என்று சீராக வந்தால் நல்லது. 'டப்-டப்... டப்-டப்' என்று இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால் அறுவை செய்த காலில் அதிக நேரம் நிற்காமல் தாவுகிறார் என்று அர்த்தம். நடுவே 'சரக்' என்று ஒரு உரசல் கேட்டால் முட்டி போதுமான அளவு மடங்கவில்லை, பாதம் தரையை இழுக்கிறது.

அப்புறம் செல்போனில் வீடியோ எடுங்கள். முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. முன்னாலிருந்து பார்த்தால் காலை வெளிப்பக்கமாக அரை வட்டம் போட்டுச் சுற்றிக் கொண்டுவருவதும், தோளை ஒரு பக்கம் சாய்ப்பதும் தெரியும். தோள் சாய்வதற்கு முட்டியைவிட இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்ந்திருப்பதுதான் பல நேரம் காரணம். பக்கத்திலிருந்து பார்த்தால் குதிகாலுக்குப் பதில் முழுப் பாதமும் 'தொப்'பென்று விழுவதும், முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருப்பதும் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று: அறுவை செய்த கால் ஒழுங்காக எட்டி வைக்கும், நல்ல கால்தான் குட்டை எட்டு வைக்கும். நல்ல கால் முன்னால் போகும் நேரம் முழுவதும் உடம்பை அறுவை செய்த கால் தனியாகத் தாங்க வேண்டும். அதைத் தவிர்க்க நல்ல கால் அவசரமாகத் தரைக்கு வந்துவிடுகிறது. 'ஆபரேஷன் பண்ணின காலை நல்லா எட்டி வைம்மா' என்று சொல்லிச் சொல்லிப் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான். எட்டி வைக்க வேண்டியது மற்ற காலை.

அந்த வீடியோவை அம்மாவிடமே காட்டுங்கள். 'நான் இப்படியா நடக்கிறேன்?' என்று அவர் கேட்கும்போது திருத்தம் பாதி ஆரம்பித்துவிடும். நாள்பட்ட நொண்டல் நொண்டுகிறவருக்கே தெரியாது.

எதிலிருந்து தொடங்குவது? முட்டியை மடக்குவதிலா?

நீட்டுவதில்.

நம் ஊரில் மூட்டு மாற்றியவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே 'எத்தனை டிகிரி மடங்குது?' என்பதுதான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 100, நமக்கு 85 என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சமதரையில் நடக்க 60 முதல் 65 டிகிரி மடக்கு போதும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழவும் படி இறங்கவும் 90க்கு மேல் வேண்டும், அதனால் மடக்குவதும் முக்கியம்தான். ஆனால் முட்டி முழுசாக நீளாமல் 10 டிகிரி மடங்கியே நின்றுவிட்டால் நடை என்றைக்கும் சரியாகாது. அந்தக் கால் குட்டையாகிவிடும், குதிகால் முதலில் இறங்காது, தொடைத் தசைக்கு நிற்கும்போதுகூட ஓய்வு கிடைக்காது. ஐந்து நிமிடம் நின்றாலே சோர்வு வரும்.

இதற்கு முதல் எதிரி தலையணை. பாசத்தோடு யாராவது முட்டிக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகிவிடுவார்கள். இதமாக இருக்கும், ஆனால் முட்டி அந்த மடக்கிலேயே இறுகும். தலையணையை எடுத்துவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முட்டிக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது. 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டால் முட்டி தன் எடையிலேயே கீழே இறங்கும். ஒரு நாளில் பல தடவை செய்யலாம். கூடவே முட்டியால் படுக்கையை அழுத்துவது போலத் தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள். தொடையில் கை வைத்துப் பார்த்தால் தசை கெட்டியாவது தெரிய வேண்டும். வெறும் பாதம் மட்டும் ஆடினால் கணக்கில் வராது.

வாக்கரை எப்போது விடலாம்? எதிர்வீட்டு அக்கா பத்தே நாளில் விட்டுவிட்டாராம்.

எதிர்வீட்டு அக்காவின் வீடியோவையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

ஒரு காலுக்கு மட்டும் அறுவை என்றால் பொதுவாக 2 முதல் 4 வாரம் வாக்கர், பிறகு 6 வாரம் வாக்கில் வரை கைத்தடி என்று போகும். வயது, உடல் எடை, மற்ற முட்டியின் நிலை எல்லாம் இதை மாற்றும். நான் நாள்கணக்குப் பார்ப்பதில்லை. துணை இல்லாமல் நொண்டாமல் வீட்டுக்குள் நடக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். நொண்டினால் துணை இன்னும் வேண்டும். தடியோடு நேராக நடப்பவர், தடியில்லாமல் நொண்டுபவரைவிடச் சீக்கிரம் தேறுவார். தடியை உதறிவிட்டு நடப்பது சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் பெருமைப்படத்தான் உதவும்.

வாக்கரில் வரிசை இப்படி: வாக்கர் முன்னால், பிறகு அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். உடம்பு வாக்கர் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். சாமான் வண்டி தள்ளுவது போல வாக்கரைத் தூரமாகத் தள்ளிவிட்டுக் குனிந்தபடி பின்னால் போனால் இடுப்பு மடங்கியே பழகிவிடும்.

கைத்தடியைப் பிடிக்க வேண்டியது நல்ல கால் பக்கக் கையில். வலது முட்டிக்கு அறுவை என்றால் தடி இடது கையில். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். 'வலிக்கிற பக்கம்தானே தம்பி முட்டுக் கொடுக்கணும்?' என்பார்கள். அம்மா, சும்மா நடக்கும்போது உங்கள் வலது கால் முன்னால் போனால் கூடவே எந்தக் கை போகிறது, பாருங்கள் என்பேன். இடது கைதான். தடியும் அறுவை செய்த காலும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றும்போது எடை இரண்டுக்கும் பிரியும், உடம்பு நேராக இருக்கும். அதே பக்கத்தில் பிடித்தால் உடம்பு தடியின் மேல் சாயும், நொண்டல் கூடும்.

தடியின் உயரம்: வழக்கமான செருப்பைப் போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே இருக்கிறதோ அங்கே கைப்பிடி. முழங்கை லேசாக மடங்கியிருக்கும். தாத்தா வைத்திருந்த பழைய தடி வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், அது தாத்தாவின் உயரத்துக்கு வெட்டியது. அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் உடனே மாற்றுங்கள். மொசைக் தரையில் அது வழுக்கும்.

நடையைத் திருத்த என்ன பயிற்சிகள்?

முதலில் எடை. எடை பார்க்கும் மெஷின் இரண்டு வேண்டும். ஒன்று உங்களிடம் இருந்தால் இன்னொன்றை அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதம். சமையல் மேடையையோ கனமான மேஜையையோ தொட்டுக்கொண்டு ஏறுங்கள். நேராகப் பார்த்தபடி 'இரண்டு காலிலும் சமமாக நிற்கிறேன்' என்று தோன்றும்வரை சரிசெய்துகொள்ளுங்கள். இப்போது கூட இருப்பவர் எண்ணைப் படிக்கட்டும். 70 கிலோ உள்ளவருக்கு இரண்டிலும் 35 பக்கமாக வர வேண்டும். ஆரம்பத்தில் ஒன்றில் 25, மற்றதில் 45 என்று காட்டும், அவருக்கோ சமமாக நிற்பதாகத்தான் தோன்றும். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எடையை மாற்றப் பழகுவதுதான் பயிற்சி. நடையில் வரும் கோணல் நிற்பதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழும்போதும் இதையே கவனியுங்கள். அறுவை செய்த காலை முன்னால் நீட்டிவைத்துவிட்டு நல்ல காலில் மட்டும் எழுவது பெரும்பாலானவர்களின் வழக்கம். இரண்டு பாதத்தையும் சமமாக உள்ளே இழுத்து வைத்து எழ வேண்டும். முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒற்றை எட்டு. சமையல் மேடை ஓரம் நின்று ஒரு கையால் தொட்டுக்கொண்டு, அறுவை செய்த காலை ஒரு எட்டு முன்னால் வைத்து, குதிகாலை ஊன்றி, எடையை மெதுவாகப் பாதத்துக்கும் பிறகு விரலுக்கும் உருட்டி, திரும்ப வாருங்கள். நடக்க வேண்டாம். இந்த ஒரே எட்டைப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். 'குதிகால்... பாதம்... விரல்' என்று வாய்விட்டுச் சொல்லலாம். பேரப் பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை. இது கைவந்த பிறகு அறுவை செய்த காலில் நின்றுகொண்டு நல்ல காலை முன்னும் பின்னும் எடுத்து வையுங்கள். கஷ்டமாக இருப்பது இதுதான், அதிகம் செய்ய வேண்டியதும் இதுதான்.

எட்டின் நீளத்தைச் சமப்படுத்தத் தரையில் சாக்பீஸால் சம இடைவெளியில் குறுக்குக் கோடு போடுங்கள். டைல்ஸ் தரையில் இணைப்புக் கோடுகளே போதும். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குதிகால் விழ வேண்டும். இடைவெளியை அவருடைய இப்போதைய எட்டைவிடச் சற்றே கூட்டி வையுங்கள், எட்டாத அளவுக்கு அல்ல. தாளம் சமமாக வர, செல்போனில் மெட்ரோனோம் செயலியை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு கால் வைக்கலாம். அவசரமாகத் தாவும் கால் இந்தத் தாளத்துக்குக் கட்டுப்படும்.

முட்டியை மடக்காமல் கழி மாதிரி நடப்பவருக்கு: தரையில் சுருட்டிய துண்டுகளை வரிசையாக வைத்து, சுவரையோ மேடையையோ தொட்டுக்கொண்டே அவற்றைத் தாண்டி நடக்கச் சொல்லுங்கள். தாண்டினால் முட்டி மடங்கியே ஆகும். இடுப்பை மேலே தூக்கியோ காலை வெளியே சுற்றியோ தாண்டப் பார்ப்பார், விடாதீர்கள். நின்ற இடத்திலேயே முட்டியை மடக்கி மாற்றி மாற்றித் தூக்குவதும் நல்லது.

முட்டி முழுசாக நீளாதவருக்கு நான் அதிகம் கொடுப்பது பின்னோக்கி நடப்பது. விரல் முதலில் பின்னால் தரையைத் தொட்டு, பிறகு குதிகால் இறங்கும்போது முட்டி தானாக நீண்டு தொடைத் தசை இறுகும். சமையல் மேடையைப் பிடித்தபடி, பின்னால் ஒருவர் நிற்க, மெதுவாகச் செய்ய வேண்டும். அதே மேடையோரம் பக்கவாட்டில் நண்டு போல நடப்பது இடுப்புத் தசைக்கு. தோள் சாய்ப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அது வேலை செய்யும் நேரத்தில், அதாவது சாப்பிட்டு அரை மணி முக்கால் மணி கழித்துப் பயிற்சியை வையுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். 5 அல்லது 10 நிமிடம், நாளில் நான்கைந்து தடவை. முடிந்ததும் காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். மறுநாள் காலை முட்டி முந்தைய நாளைவிட வீங்கியோ சூடாகவோ இருந்தால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள். மூட்டுக்குள் வீக்கம் ஏறினால் தொடைத் தசை மறுபடி படுத்துவிடும் என்று மேலே சொன்னது இங்கேதான் வேலை செய்கிறது.

நான் தினமும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?

நொண்டிக்கொண்டே ஒரு மணி நேரம் நடந்தால் நொண்டுவதற்கு ஒரு மணி நேரப் பயிற்சி. நடை கெட ஆரம்பிக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அது பத்தாவது நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான் உங்கள் இன்றைய அளவு. வாராவாரம் அது தானாக நீளும். கைக்கடிகாரம் காட்டும் பத்தாயிரம் அடிக் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வில் போல வளைந்திருந்த கால் இப்போது நேராகிவிட்டது. ஆனால் அந்தக் கால் நீளமாகிவிட்டது போல இருக்கிறதே?

நிறையப் பேர் சொல்வது. வளைந்த காலை நிமிர்த்தினால் கொஞ்சம் நீளம் கூடியது போலத்தான் இருக்கும், அதுவும் மற்ற கால் இன்னும் வளைவாக இருந்தால். இடுப்பும் முதுகும் பழைய குட்டைக் காலுக்கு ஏற்றபடி பல வருடமாக ஒதுங்கி நின்றவை. அவை புது நீளத்துக்குப் பழகச் சில மாதம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மற்ற செருப்புக்குள் அட்டை வைத்து உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்வார்.

ஒன்று செய்யுங்கள். அறுவைக்கு முன் போட்டிருந்த செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கால் வளைந்திருந்தவர்களுக்குக் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் சீவிவிட்டது போலத் தேய்ந்திருக்கும். அந்தச் செருப்பில் கால் வைத்தால் நேரான புது முட்டியும் பழையபடி வெளிப்பக்கம் சாயும். 'நல்லாத்தானே இருக்கு' என்று எடுத்து வைக்காமல் தூக்கிப் போடுங்கள்.

வீட்டுக்குள் செருப்பு வேண்டுமா, வெறுங்காலா?

ஹவாய் செருப்பு வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் கவ்வ வேண்டும், அப்படிக் கவ்வினால் குதிகால் முதலில் இறங்காது, கால் தேய்த்துத்தான் நடக்கும். பின்பக்கம் வார் வைத்த, தட்டையான, அடியில் பிடிப்புள்ள செருப்பு நல்லது. வீட்டுக்குள் செருப்பு போடாத வழக்கம் என்றால் ஈரமில்லாத தரையில் வெறுங்காலோடு நடக்கலாம். சாக்ஸ் மட்டும் போட்டு டைல்ஸில் நடக்கவே கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். தரை தெரியாவிட்டால் நடையும் தடுமாறும், காயம் பட்டாலும் தெரியாது.

புடவைக் கொசுவம் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். அது தடுக்குமோ என்று குனிந்து பார்த்தே நடப்பவர்கள் அதிகம். சில வாரம் நைட்டியோ சுடிதாரோ வசதி. வேட்டி கட்டுபவர்களும் கொஞ்சம் தூக்கியே கட்டுங்கள்.

விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறேன்.

பயம் நியாயமானது. ஆனால் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனால் தடுமாற்றம்தான் கூடும். உதவிக்கு வருபவர் அறுவை செய்த கால் பக்கம், அரை அடி பின்னால் நிற்கட்டும். நடப்பவரின் இடுப்பில் ஒரு பருத்தித் துண்டை இறுக்கமாகக் கட்டி, பின்பக்கம் அதைப் பிடித்துக்கொள்ளலாம். தடுமாறினால் இடுப்பைப் பிடித்து நிறுத்துவதுதான் சுலபம். கண் பாதத்தைப் பார்க்காமல் பத்தடி தூரத்தைப் பார்க்கட்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கால்மிதிகளைச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

படி ஏறுவது எப்படி?

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். இரண்டு காலும் ஒரே படிக்கு வந்த பிறகுதான் அடுத்த படி. கைப்பிடியைப் பிடிக்க வெட்கப்படாதீர்கள்.

மாற்றி மாற்றிக் கால் வைத்து ஏறத் தொடைத் தசை தேற வேண்டும். அதற்கு மூன்று மாதம் வாக்கில் ஆகலாம். 10 சென்டிமீட்டர் உயரப் பலகை ஒன்றில் அறுவை செய்த காலை வைத்து மெதுவாக ஏறி, அதைவிட மெதுவாக இறங்கிப் பழகுங்கள். இறங்கும்போது 'தொப்'பென்று விழாமல் வந்தால் உண்மையான படிக்குத் தயார். பேருந்தின் முதல் படி வீட்டுப் படியைவிட உயரம். ஆரம்ப மாதங்களில் தாழ்தளப் பேருந்து கிடைக்கும் வழித்தடத்தில் போங்கள், அல்லது ஆட்டோ.

இரண்டு முட்டியும் ஒரே சமயத்தில் மாற்றினோம். எது நல்ல கால்?

தற்போதைக்கு எதில் பலம் அதிகமோ அது. இவர்களிடம் நொண்டல் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் இரண்டு காலும் ஒரே மாதிரி விறைப்பாக இருக்கும். காலை அகட்டி வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடி நடப்பார்கள். 'நல்லாத்தான் நடக்கிறார்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதனால் வீடியோ இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. வாக்கர் கூடுதல் வாரம் வேண்டியிருக்கும்.

முட்டிக்குள் 'கடக்' என்று சத்தம் வருகிறது, தையலுக்கு வெளிப்பக்கம் மரத்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வலியில்லாத சத்தம் புது மூட்டின் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வதால் வருவது. மரத்துப்போவது தோலுக்குப் போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால். அந்த இடம் மாதக்கணக்கில் சுருங்கும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம். லேசான சூடும் வீக்கமும் மூன்று முதல் ஆறு மாதம் வரை இருப்பதுண்டு.

சம்மணம், இந்தியன் டாய்லெட்?

பெரும்பாலான மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் கமோடு நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுவது உத்தமம்.

பிசியோதெரபி எத்தனை நாள்? நடை எப்போது சரியாகும்?

வீட்டுக்குள் தடியோடு ஒழுங்காக நடக்க சுமார் 6 வாரம், கடைத்தெரு வரை நம்பிக்கையாகப் போய் வர 3 மாதம், நடையை மறந்து நடக்க 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் பிசியோ முட்டியை மடக்கிவிட்டு, எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், 'கொஞ்சம் நடக்கவைத்துப் பாருங்கள் சார்' என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

முன்னேற்றத்தை அளக்க ஒரு எளிய சோதனை உண்டு. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காருங்கள், 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, கோடு வரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். ஓடிக் காட்ட வேண்டாம், அது போட்டி இல்லை.

6 வாரம் கடந்தும் 90 டிகிரிகூட மடங்கவில்லை, அல்லது முட்டி நீளவே மாட்டேன் என்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் முறை சிலருக்கு உதவும், அதைத் தாமதமாகச் செய்தால் பலன் குறைவு.

கோயில், கிரிவலம் எல்லாம் போகலாமா?

போகலாம், வரிசைப்படி. முதலில் தெருவிலுள்ள சின்னக் கோயில், கூட்டமில்லாத நேரம். கோயிலில் மூன்று சோதனை இருக்கிறது: வெறுங்கால், மேடுபள்ளமான கல்தளம், மிதிக்காமல் தாண்ட வேண்டிய உயர்ந்த வாசற்படி. துண்டுகளைத் தாண்டிய பயிற்சி வாசற்படிக்குக் கைகொடுக்கும். பக்கத்தில் நிலையையோ தூணையோ பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் தாண்டி வையுங்கள். வெயில் நேரத்தில் கல் சுடும், சூட்டுக்குத் துள்ளித் துள்ளி நடப்பது முட்டிக்கு ஆகாது, காலையிலேயே போய்விடுங்கள். பழனிக்கு விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நொண்டாமல் ஒரே மூச்சில் எத்தனை கிலோமீட்டர் போக முடிகிறது என்று ஊரிலேயே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை ஆட்டோவில் சுற்றினாலும் அண்ணாமலையார் கோபிக்க மாட்டார்.

எப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, அழுத்தினால் வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும், தேய்த்துவிடவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். தையல் வழியாக நீரோ சீழோ வருவது, காய்ச்சலோடு முட்டி சிவந்து வலி ஏறுவது, விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போவது, நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குக் காரணமில்லாமல் புதிதாக வலி வருவது – இவை வந்தாலும் அறுவை செய்த மருத்துவமனையை உடனே கூப்பிடுங்கள். அறுவை நடந்து பல வருடமாகியிருந்தாலும் இதே விதிதான்.